கொழுப்பு உருண்டை வேண்டாம், ஒரு குச்சி போதும்

மார்ச் 20 வரப் போகுது. உலகச் சிட்டுக்குருவி தினம். நம்ம கேம்பஸ்ல இந்த வருஷமும் அதே பிளான்தான். ஒவ்வொரு பிளாக் முன்னாடியும் இருக்கிற வேப்ப மரத்துல ஃபீடர் தொங்கும், மொத்தம் 50. உள்ளே கொழுப்பு உருண்டை. பக்கத்துல நின்னு ஒரு குரூப் போட்டோ. தலைக்கு 30 ரூபாய் வசூலும் ஆரம்பிச்சாச்சு. உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்க.

அந்தக் காசை அதுக்குக் கொடுக்காதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

"நீ யாரு சொல்றதுக்கு?"ன்னு கேட்டா, பதில் கொஞ்சம் வெக்கமானது. போன வருஷம் இந்த ஐடியாவைக் கிளப்பினதே நான்தான். முதல் ஃபீடரைச் செஞ்சு, ஹாஸ்டல் பின்பக்க வேப்ப மரத்துல கட்டினதும் நான்தான். அது என்ன ஆச்சுன்னு இதுவரைக்கும் கிளப் மீட்டிங்ல நான் முழுசாச் சொன்னதில்லை. கடைசி வருஷம். சொல்லாம போகக் கூடாது.

முதல்ல, இந்தக் கொழுப்பு உருண்டை எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். மாடு, ஆடு இவற்றோட குண்டிக்காயைச் சுத்தி கெட்டியா, வெள்ளையா ஒரு கொழுப்பு இருக்கும். அதை உருக்கி, வடிகட்டி, தானியம், நிலக்கடலை, உலர்ந்த புழு எல்லாம் சேர்த்து, உருண்டையாவோ சோப்புக் கட்டி மாதிரியோ இறுக வைப்பாங்க. கம்பிக் கூண்டுக்குள்ள போட்டுத் தோட்டத்துல தொங்க விடுவாங்க. இங்கிலாந்துல இது பெரிய பழக்கம். அங்கே ஏறக்குறைய பாதி வீடுகள்ல ஏதோ ஒரு வகையில தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி போடறாங்க.

நான் இதை முதல்ல பார்த்தது எல்.கே.ஜி. படிக்கும்போது ஒரு ஆங்கிலப் படப் புத்தகத்துல. வெளியே பனி. ஒரு பையன் கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு மரக்கிளையில உருண்டையைக் கட்டறான். மார்பு சிவந்த ராபின் ஒண்ணு வந்து உக்காருது. என் மனசுல பறவைக்கு அன்பு காட்டறதுன்னா அந்தப் படம்தான். நம்ம ஊரு ராபின், அதாவது கருஞ்சிட்டு, எங்க வீட்டு மதில் மேல வாலைத் தூக்கிட்டு தினமும் நின்னுச்சு. அதுக்குப் பேரு கருஞ்சிட்டுன்னு எனக்கு காலேஜ் வந்த பிறகுதான் தெரியும்.

அந்தப் படப் புத்தகத்து உருண்டை தப்பில்லை. அந்த ஊருக்கு அது சரியான டிசைன். லண்டன்ல டிசம்பர் கடைசியில பகல் 8 மணி நேரம்கூட முழுசா இருக்காது. ராத்திரி 16 மணி நேரம். நீலச் சிட்டுன்னு ஒரு பறவை இருக்கு, எடை சுமார் 11 கிராம். அந்தச் சின்ன உடம்பு 16 மணி நேரக் குளிர்ல சூட்டைக் காப்பாத்தணும்னா, அதுக்கு வேண்டிய எரிபொருளை அந்த 8 மணி நேரப் பகலுக்குள்ள தின்னாகணும். தரை உறைஞ்சு கிடக்கும், புழு பூச்சி வெளியே வராது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி தரும், கொழுப்பு 9 தரும். கொஞ்ச நேரத்துல நிறைய சக்தி வேணும்னா கொழுப்புதான் விடை. கணக்கு கச்சிதமா பொருந்துது.

இப்போ அதே கணக்கை கள்ளக்குறிச்சிக்குப் போடுங்க. நாம இருக்கிறது நிலநடுக்கோட்டுக்கு 12 டிகிரிகூட வடக்கே இல்லை. வருஷத்துலயே குட்டையான பகல்கூட இங்கே 11 மணி நேரத்துக்கு மேல. டிசம்பர், ஜனவரி நமக்குப் பஞ்ச காலமே இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு, வயல் பச்சையா, பூச்சி நிறைய இருக்கிற காலம். நம்ம ஊர்ல பறவைக்குக் கஷ்ட காலம் சித்திரை, வைகாசி. அப்போ தட்டுப்பாடு கலோரிக்கு இல்லை, தண்ணிக்கும் நிழலுக்கும்தான். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மத்தியானம் காக்கா வாயைப் பொளந்துக்கிட்டு கிளையில உக்காந்திருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மூச்சு வழியா தண்ணியை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளுமை பண்ணிக்குது. அந்த நேரத்துல அதுக்கு நாம நீட்டறது என்ன? ஒரு கட்டி கொழுப்பு. ஏப்ரல் மாசம் ரெண்டு மணி வெயில்ல நடந்து வர்றவனுக்குத் தண்ணி தராம நெய்ப் பொங்கலை நீட்டற மாதிரி.

சரி, என் ஃபீடர் கதைக்கு வரேன். ஹாஸ்டல்ல மாட்டுக் கொழுப்பை உருக்க முடியாதுன்னு, யூடியூப்ல ஒருத்தர் சொன்னபடி வனஸ்பதி வெச்சு செஞ்சேன். கூட கம்பு, பொடிச்ச நிலக்கடலை. மெஸ் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா சூப்பரா கட்டியா வந்துச்சு. கொட்டாங்குச்சியில அழுத்தி, கயிறு கட்டித் தொங்க விட்டேன். ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சார்.

முதல் நாள் ஒண்ணும் வரலை. ரெண்டாம் நாள் எறும்பு. மூணாம் நாள் பதினோரு மணிக்கே உருண்டை தளர்ந்து, கொட்டாங்குச்சியில இருந்து சொட்டு சொட்டா ஒழுக ஆரம்பிச்சுது. இதுல ஆச்சரியப்பட எதுவுமே இல்லை. வனஸ்பதி 31 டிகிரியில இருந்து 41 டிகிரிக்குள்ள உருகணும்னு நம்ம நாட்டு உணவு விதியே சொல்லுது. நிஜமான மாட்டுக் கொழுப்பா இருந்தாலும் ஏறக்குறைய 40 முதல் 50 டிகிரிக்குள்ள உருகிடும், அதுக்கு முன்னாடியே இளகிடும். நம்ம ஊர் கோடை நிழல்லயே 40-ஐ ஒட்டிப் போகும். வெயில்ல தொங்கற கம்பிக் கூண்டு எவ்வளவு சூடாகும்னு ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல பாஸ் பண்ண எல்லாருக்கும் தெரியும். பேஸ் சேஞ்ச் மெட்டீரியல் பத்தி செமினார் எடுத்த ஒருத்தன், அதே மெட்டீரியலை மரத்துல தொங்க விட்டுட்டு ஏன் உருகுதுன்னு முழிச்சேன்.

உருகினா என்ன, தின்னுட்டுப் போகட்டுமேன்னு நினைக்கலாம். விஷயம் இறகுல இருக்கு. ஒரு இறகை எடுத்து லென்ஸ்ல பாருங்க. தண்டுல இருந்து கிளை, கிளையில இருந்து இன்னும் மெல்லிய கிளை, அதுல குட்டிக் குட்டிக் கொக்கி. பையில இருக்கிற ஜிப் மாதிரி ஒண்ணோடொண்ணு மாட்டிக்கும். அதனாலதான் இறகு தண்ணியை உள்ளே விடாது, காத்தைத் தாங்கும். அலகால கோதி கோதி பறவை சரி பண்றது இந்த ஜிப்பைத்தான். இளகின கொழுப்பு இதுல பட்டா கொக்கி எல்லாம் ஒட்டிக்கும், தண்ணியில கழுவினாலும் போகாது. அடைகாக்கிற பறவையா இருந்தா இன்னொரு ஆபத்தும் உண்டு. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. குஞ்சு அது வழியாத்தான் மூச்சு விடுது. மேலே எண்ணெய் படிஞ்சா துளை அடைபடும். வெளிநாடுகள்ல வாத்து இனங்கள் பெருகாம இருக்க முட்டை மேல எண்ணெய் தடவறதே ஒரு முறையா இருக்கு. அப்படின்னா யோசிச்சுப் பாருங்க.

நாலாம் நாள்ல இருந்து காக்கா வந்துச்சு. ரெண்டு வந்தது, ஆறு ஆச்சு. கொட்டாங்குச்சியையே கழட்டிக்கிட்டுப் போக ட்ரை பண்ணுச்சு. எங்களுக்கு ஒரே சிரிப்பு. அப்பாடா, ஏதோ ஒரு பறவையாவது வந்துச்சேன்னு சந்தோஷமும்கூட.

அந்த வேப்ப மரத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு செம்பருத்திப் புதர் இருக்கு. அதுல ஒரு சின்னான் ஜோடி கூடு கட்டி இருந்துச்சு. தலையில கறுப்புக் கொண்டை, வால் அடியில சிவப்பு, அதேதான். மூணு குஞ்சு. நான் தினமும் பல் தேய்க்கிறப்போ எட்டிப் பார்ப்பேன். ஃபீடர் கட்டின ஒன்பதாவது நாள் காலையில கூடு காலியா இருந்துச்சு. குஞ்சுக்கு இறக்கை முளைச்சுப் பறந்து போற வயசு இல்லை. தாய்ப் பறவை அலகுல ஒரு பச்சைப் புழுவோட புதர் மேல வந்து உக்காந்து, போய், மறுபடி வந்து உக்காந்துச்சு. அன்னைக்கு முழுக்க.

காக்காதான் எடுத்துச்சுன்னு நான் கண்ணால பார்க்கலை. ஆனா காக்கா, வால்காக்கை ரெண்டுமே முட்டை, குஞ்சு திருடுற பறவைகள். ஆறு திருடர்களை ஒரு வாரமா சாப்பாடு போட்டு அந்த இடத்துக்கு வரவழைச்சவன் நான். அன்னைக்கு சாயங்காலம் கொட்டாங்குச்சியை அவுத்துட்டேன். கேட்டவங்ககிட்ட எறும்பு வருதுன்னு மட்டும் சொன்னேன்.

காக்கா மேல எனக்குக் கோவம் இல்லை. அதோட வயித்துப்பாட்டை அது பார்த்துச்சு. ஆனா ஃபீடர் தொங்க விட்டா யார் வருவாங்கன்னு நாம யோசிக்கவே இல்லை. நம்ம கேம்பஸ்ல என்னென்ன பறவை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. தையல்சிட்டு பூச்சி தின்னும். இரட்டைவால் குருவி, அதாவது கரிச்சான், பறந்துக்கிட்டே பூச்சி பிடிக்கும். தவிட்டுக்குருவி ஏழெட்டா சேர்ந்து சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். தேன்சிட்டுக்குப் பூந்தேனும் சிலந்தியும். கருஞ்சிட்டுக்குத் தரையில ஓடுற பூச்சி. கரண்ட் கம்பியில உக்காந்திருக்கிற பனங்காடைக்கு வெட்டுக்கிளி, வண்டு. இவங்க யாருக்கும் அந்த உருண்டை தேவையில்லை. தேவைப்படுறது காக்கா, மைனா, புறா, அணிலுக்கு. இவங்க ஏற்கெனவே நம்ம மெஸ் குப்பையில நல்லாத்தான் இருக்காங்க.

சிட்டுக்குருவிக்காகத்தானே செய்யறோம்னு கேப்பீங்க. சிட்டுக்குருவி தானியம் தின்னும், உண்மை. ஆனா அது தன் குஞ்சுக்கு ஊட்டுறது பெரும்பாலும் பூச்சியும் புழுவும்தான். குஞ்சு வளரப் புரதம் வேணும். பெருசுகளுக்கு எவ்வளவு கம்பு கொட்டினாலும், சுத்துவட்டாரத்துல பூச்சி இல்லைன்னா அடுத்த தலைமுறை தேறாது.

இன்னொண்ணும் சொல்லணும். 2023-ல வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ஞ்சது. 30,000-க்கும் மேல பறவை ஆர்வலர்கள் பதிவு பண்ண தகவலை வெச்சு எழுதினது. அதுல ரொம்பக் குறைஞ்சிட்டு வர்ற கூட்டங்கள்ல ஒண்ணு பூச்சி தின்னுற பறவைகள். எங்கேயும் பார்க்கலாம்னு நாம நினைக்கிற பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. சிட்டுக்குருவிக்கு ஒரு தினம் இருக்கு. நம்ம பஸ் ரூட்ல கம்பி மேல உக்காந்து, பறக்கும்போது மட்டும் நீலமா விரியுற பனங்காடைக்கு எந்தத் தினமும் இல்லை.

கூட்டமா ஒரே இடத்துல தீனி போடறதுல நோய்ப் பயமும் இருக்கு. அமெரிக்காவுல 1994-ல ஒரு வகை சிட்டு இனத்துக்குக் கண் நோய் பரவ ஆரம்பிச்சுது. கண் வீங்கி, பார்வை போய், தீனித்தட்டுலயே உக்காந்து சாகும். இங்கிலாந்துல 2005-க்கு அப்புறம் பச்சைச் சிட்டுகளுக்கு ஒட்டுண்ணி நோய் வந்து, எண்ணிக்கை சரிஞ்சு, 2021-ல அந்த இனத்தைச் சிவப்புப் பட்டியல்ல சேர்த்தாங்க. ரெண்டு நோயும் பரவ தீனித்தட்டு ஒரு முக்கியமான இடமா இருந்துச்சு. அத்தனை வருஷ அனுபவம் இருக்கிற நாட்டுலயே இந்த நிலை. நம்ம நாட்டுல மும்பையைப் பாருங்க. 2025-ல தாதர் புறாக்கூடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினாங்க, எதிர்த்து ஒரு கூட்டம் வந்து தார்ப்பாயைக் கிழிச்சுது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. புறா எச்சத்தால நுரையீரல் கெடுதுன்னு ஒரு பக்கம், தானியம் போடறது புண்ணியம்னு இன்னொரு பக்கம். நம்ம 50 ஃபீடரை மார்ச் 21-க்கு அப்புறம் யார் தினமும் கழுவப் போறாங்க? கிளப் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுப் பாருங்க. அமைதியா இருக்கும்.

அப்போ பறவைக்குத் தீனி போடறதே தப்பான்னா, இல்லவே இல்லை. என் ஆயா கச்சிராயபாளையம் பக்கம் இருந்தாங்க. வாழ்நாள் முழுக்க காக்காவுக்குச் சோறு வெச்சவங்க. அதை ஒரு டிசைனா நான் இப்போதான் பார்க்கிறேன். ஒரு கைப்பிடி. உப்புப் போடாத சோறு. நாம சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே நேரம், ஒரே கல்லு மேல. காக்கா வந்து அஞ்சு நிமிஷத்துல தின்னுட்டுப் போயிடும். ஆயா கல்லு மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு உள்ளே வருவாங்க. மிச்சம் இல்லை, அழுகல் இல்லை, எலி இல்லை. அறுப்பு முடிஞ்சதும் ஒரு நெற்கதிர்க் கொத்தைத் தாழ்வாரத்துல கட்டுவாங்க. டெல்டா பக்கமும் கேரளாவுலயும் வீட்டுலயும் கோயில்லயும் கட்டித் தொங்க விடுற அதே கதிர்தான். குருவி தலைகீழாத் தொங்கி ஒவ்வொரு மணியா உரிச்சுத் தின்னும். காக்காவால அதுல நிக்க முடியாது. ஒரு மாசத்துல கொத்து காலி. வெறும் வைக்கோலை மாட்டுக்குப் போட்டுடலாம். தொங்கற ஃபீடருக்கு இதைவிட நல்ல மாடல் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சென்னை ராயப்பேட்டையில கேமரா பழுது பார்க்கிற சேகர், மொட்டை மாடியில பலகை போட்டு, ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு ஊறவெச்ச அரிசி வெச்சதை டிவியில பார்த்திருப்பீங்க. அவர் அதைத் தன் தினசரி வேலையா வெச்சிருந்தார். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வருஷக்கணக்கா, தன் கைக்காசுல. ஆயாவுக்கும் அவருக்கும் பொதுவா இருக்கிறது ஒண்ணுதான்: வெச்ச ஆள் பக்கத்துலயே நிக்கறாங்க. நம்ம ஃபீடர்ல இல்லாதது அந்த ஆள்தான்.

இப்போ மலைக்குப் போவோம். நம்ம கேம்பஸ் மாடியில நின்னு மேற்கே பார்த்தா நீலமா தெரியுதே, அந்தக் கல்வராயன் மலைதான். வெள்ளிமலைக்குப் பக்கத்துல இருந்து வர்ற ஒரு ஜூனியர் தம்பி இருக்கான். வசூலுக்குப் போனப்போ 30 ரூபாயைக் கொடுத்துட்டு அவன் சொன்னான்: "அண்ணா, எங்க ஊர்ல சாமை முத்துற மாசம் குருவி ஓட்ட ஆளு வெச்சுக் காவல் காப்போம். நீங்க காசு வசூல் பண்ணி வரச் சொல்றீங்க." சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு அந்தச் சிரிப்பு ரெண்டு நாள் மண்டையிலேயே இருந்துச்சு.

யோசிச்சா அது ரொம்பப் பழைய உறவு. தினைப்புனத்துல பரண் மேல நின்னு ஆலோலம் பாடிக் கிளி ஓட்டின வள்ளி கதை நமக்கெல்லாம் தெரியும். ஓட்டுவாங்க, ஆனா முழுசா ஓட்ட முடியாது. அறுத்த பிறகும் தாள்ல கொஞ்சம், தரையில கொஞ்சம், களத்துல கொஞ்சம்னு பறவைக்குன்னு ஒரு பங்கு விழுந்துக்கிட்டே இருக்கும். யாரும் தீனித்தட்டு வைக்கலை. விவசாயமே தீனித்தட்டா இருந்துச்சு. மலையில சாமை, தினை, கேழ்வரகு போட்ட நிலத்துல நிறைய இடம் இன்னைக்கு மரவள்ளிக்கு மாறிடுச்சு. காரணம் புரியக்கூடியதுதான், கிழங்கை ஏத்திட்டுப் போக சேகோ ஆலைகள் இருக்கு, கையில காசு வருது. ஆனா மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குல தினைக்குருவி கொத்த ஒண்ணும் இல்லை. கீழே சமவெளியில கரும்பு, நெல், அப்புறம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் மக்காச்சோளம். மக்காச்சோள மணி சின்னக் குருவி அலகுக்குப் பெருசு.

அந்த மக்காச்சோளத்துலதான் நம்ம கதையோட முக்கியமான இடம் இருக்கு. 2018-ல படைப்புழு இந்தியாவுக்குள்ள முதல்ல கர்நாடகாவுல தென்பட்டுச்சு. சீக்கிரமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பிடிச்சுது. குருத்துக்குள்ள இறங்கி உக்காந்து தின்னும். வீட்டுல விவசாயம் இருக்கிறவங்களுக்கு அந்த வருஷ நஷ்டம் மறந்திருக்காது. அன்னையில இருந்து மருந்தடிப்பு கூடிப் போச்சு. மருந்து படைப்புழுவை மட்டும் பார்த்துக் கொல்லாது. சிட்டுக்குருவி குஞ்சுக்கு வேண்டிய பச்சைப் புழுவையும், பனங்காடைக்கு வேண்டிய வண்டையும் சேர்த்தே கொல்லும். நம்ம கேம்பஸ் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டுல பறவைகளோட சாப்பாடு போயிட்டிருக்கு; வேலிக்கு இந்தப் பக்கம் நாம வனஸ்பதி உருண்டை தொங்க விட்டுக்கிட்டிருக்கோம்.

படைப்புழுவுக்கு வேளாண் துறை சொல்ற வழிகள்ல மருந்து மட்டும் இல்லை. இனக்கவர்ச்சிப் பொறி இருக்கு, ஊடுபயிர் இருக்கு, கூடவே பறவைத் தாங்கியும் இருக்கு. பார்த்திருக்கீங்களா? ஒரு நேர்க் குச்சி, மேலே குறுக்கே ஒரு குச்சி, அவ்வளவுதான். பயிருக்கு மேல ரெண்டு அடி உயரமா நிக்கும். ஏக்கருக்குப் பத்து. பயிர் சின்னதா இருக்கிற முதல் முப்பது நாளைக்கு முக்கியம். மக்காச்சோளக் காடு முழுக்க ஒரே மட்டமா இருக்கும், உக்காந்து பார்க்க இடம் இருக்காது. கரிச்சானும் பனங்காடையும் உயரத்துல உக்காந்து, கீழே அசையுறதைப் பார்த்து, பாய்ஞ்சு பிடிக்கிற பறவைங்க. ஒரு குச்சி நட்டா அதுங்களுக்கு நாற்காலி போட்ட மாதிரி. மைனாவும் வரும். புழுவைத் தின்னும். விவசாயிக்கு ஒரு மருந்தடிப்பாவது மிச்சமாக வாய்ப்பிருக்கு. கதிர்ல பால் பிடிக்கிற சமயம் குச்சியைப் பிடுங்கிடணும், இல்லைன்னா கிளியும் காக்காவும் கதிர்லயே கை வைக்கும்.

தீனியே போடாத தீனித்தட்டு இது. உருகாது, ஊசாது, எறும்பு வராது. எந்தப் பறவை குறைஞ்சுக்கிட்டு இருக்கோ, அந்தப் பறவைக்கே உதவும். முக்கியமா, பறவை மேல இருக்கிற அன்பையும் விவசாயியோட கஷ்டத்தையும் ஒரே குச்சியில கட்டுது. குச்சி மட்டும் படைப்புழுவைத் தீர்த்துடும்னு நான் சொல்ல வரலை. பல வழிகள்ல அது ஒண்ணு. ஆனா நம்மால இந்த மாசமே செய்ய முடிஞ்ச ஒண்ணு.

இதுக்கு வர்ற எதிர்க் கேள்வி எனக்குத் தெரியும். "ஃபீடர் இருந்தா நாலு பேர் நின்னு பறவையைப் பார்ப்பாங்க. அன்பு அப்படித்தான் வரும். காட்டுல குச்சி நட்டா யார் பார்ப்பா?" நியாயமான கேள்வி. எனக்கே பறவை மேல ஆசை வந்தது அந்தப் பனிப் படத்துனாலதான். ஆனா ஃபீடர் நம்ம ஆசைக்கா, பறவையோட தேவைக்கான்னு பிரிச்சுப் பார்க்கணும். நம்ம ஆசைக்குன்னா, அதுக்குப் பறவையை விலையாகக் கொடுக்காத வழியைத் தேடணும். 2020-ல சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒரு குருவி கூடு கட்டிடுச்சு. குஞ்சு பறக்கிற வரைக்கும் ஒரு மாசத்துக்கும் மேல அந்த ஊர்க்காரங்க தெருவிளக்கே போடலை. அதே மாவட்டத்துல வேட்டங்குடி சரணாலயத்தைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கறதில்லை. அவங்க எதையும் தொங்க விடலை. தங்களோட வெளிச்சத்தையும் சத்தத்தையும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டாங்க. அதைவிடப் பெரிய அன்பு எது?

அதனால கிளப்புக்கு நான் வைக்கிற மாற்றுத் திட்டம் இது. வசூல் பண்ண காசு இதுக்கே போதும்.

ஒண்ணு, தண்ணி. பிளாக்குக்கு ஒரு மண் சட்டி, அகலமா, ரெண்டு இன்ச் ஆழத்துக்கு மேல வேண்டாம். நடுவுல ஒரு கல், சின்னப் பறவை நிக்க. தினமும் காலையில கொட்டித் தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்தணும். தினமும் மாத்தினா கொசுவும் வராது. பிளாக்குக்கு ரெண்டு பேர் பேர் கொடுத்தா போதும். பேர் கொடுக்க ஆள் இல்லாத பிளாக்குக்குச் சட்டியும் வேண்டாம்.

ரெண்டு, ஒரு மூலை. ஹாஸ்டல் பின்னாடி இருக்கிற அந்தப் புல் தரையில ஒரு பகுதியை வெட்டாம, களைக்கொல்லி அடிக்காம விடச் சொல்லி எஸ்டேட் ஆபீஸ்ல கேட்போம். பார்க்க அழகா இருக்காதுன்னு சொல்வாங்க. "பூச்சிகளுக்கான இடம்"னு ஒரு போர்டு எழுதி வெச்சா திட்டமிட்டுச் செஞ்ச மாதிரி ஆயிடும். நாம இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ், போர்டு வைக்க நமக்குச் சொல்லித் தரணுமா?

மூணு, மரம். அடுத்த மழைக்கு அழகுச் செடிக்குப் பதிலா அத்தி, நாவல், முருங்கை. அத்திப் பழத்துக்கு வராத பறவை இல்லை. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு தானா வரும்.

நாலு, கதிர். தையில அறுவடை முடிஞ்சதும் மெயின் கேட்ல ஒரே ஒரு நெற்கதிர்க் கொத்து. அந்த ஜூனியர் தம்பி வீட்டுல சாமை போட்டா, அதுல ஒரு கட்டு நாம காசு கொடுத்து வாங்கலாம். குருவி ஓட்டின கையாலயே குருவிக்குக் கட்டட்டும்.

அஞ்சு, குச்சி. கேம்பஸ் வேலியை ஒட்டி மக்காச்சோளம் போட்டிருக்கிற ரெண்டு விவசாயிகள்கிட்ட பேசிட்டேன். ஒருத்தர் "நடுங்கப்பா, என்ன கெட்டுப் போச்சு"ன்னார். இன்னொருத்தர், "போன வருஷமும் காலேஜ் பசங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் ஆளையே காணோம்"ன்னார். அவர் சொன்னது வலிச்சுது, ஆனா நியாயம்தான். அவருக்கு நான் கொடுத்த வாக்கு, முப்பது நாளும் வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து, எந்தக் குச்சியில எந்தப் பறவை உக்காருதுன்னு எழுதுவோம், பால் பிடிக்கிற நேரத்துல வந்து பிடுங்குவோம்னு. ரெண்டு காடும் சேர்ந்து நாலு ஏக்கர். நாற்பது குச்சி. கருவேலங் கொம்பு வேலி ஓரமா நிறையவே கிடக்கு.

அந்தச் செம்பருத்திப் புதர்ல இந்த வருஷம் மறுபடி கூடு கட்டற வேலை ஆரம்பிச்சிருக்கு. அதே ஜோடியான்னு சொல்லத் தெரியலை. நான் இப்பல்லாம் பல் தேய்க்கும்போது எட்டிப் பார்க்கறதில்லை, தள்ளி நின்னுதான் பார்க்கிறேன்.

மார்ச் 20 காலையில ஆறரைக்கு மெயின் கேட்டுக்கு வாங்க. தொப்பி, தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க. அரிவாளும் கயிறும் நான் கொண்டு வரேன். போட்டோ வேணும்னா குச்சி நட்ட பிறகு, அதுல ஒரு கரிச்சான் வந்து உக்காந்த பிறகு எடுத்துக்கலாம். நாம ஃப்ரேம்ல இல்லாட்டியும் பரவாயில்லை.